காரணம் சொல்லும் பொறி

நுழையும்முன்

கணினியில் ஒரு செயல் தடைப்படும்போது திரையில் சில சொற்கள் தோன்றுகின்றன. அவை தடைக்கான காரணத்தைத் தெளிவாகக் கூறினால், பயன்படுத்துவோர் பிழையைத் திருத்திக்கொண்டு மேலே செல்வர். கூறாவிட்டால் திகைத்து நிற்பர். மின்னணுக் கணினி தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, நின்றுபோன பொறி தான் நின்றதன் காரணத்தை மனிதருக்கு அறிவிக்கும் வழியை வகுத்தவர் சார்லஸ் பாபேஜ். அவரது வாழ்வையும் அவர் கண்ட அவ்வழியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

உள்ளே இருப்பது என்ன?

சார்லஸ் பாபேஜ் 1791ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாபேஜ் செல்வம் மிக்க வங்கியாளர். சிறுவயதில் கடுங்காய்ச்சலால் நலிவுற்ற சார்லஸ், தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள பள்ளி ஒன்றுக்கு அனுப்பப்பட்டான். அவனது உடல்நலத்தைப் பேணினால் போதும், பாடச்சுமையை ஏற்ற வேண்டா என்று ஆசிரியருக்குச் சொல்லப்பட்டிருந்தது. எனினும், அச்சிறுவனின் மனம் ஓய்ந்திருக்கவில்லை. புதிய விளையாட்டுப் பொருள் எதனைக் கொடுத்தாலும், அதனுள்ளே என்ன இருக்கிறது என்று தாயிடம் கேட்பான். தாயின் விடை மனநிறைவு தராவிட்டால், அப்பொருளை உடைத்துப் பார்த்துவிடுவான்.

அக்காலத்தில் இலண்டனில் எந்திரப் பாவைகளின் காட்சிக்கூடம் ஒன்று இருந்தது. தாயுடன் அங்குச் சென்ற சிறுவனின் ஆர்வத்தைக் கண்ட உரிமையாளர், அவனைத் தம் பணியறைக்கு அழைத்துச் சென்று, வெள்ளியாலான நடனப் பாவையைக் காட்டினார். பல ஆண்டுகளுக்குப் பின் அப்பாவை ஏலத்துக்கு வந்தபோது, பாபேஜ் அதனை வாங்கிப் பழுது நீக்கித் தம் இல்லத்து வரவேற்பறையில் ஆடச் செய்தார்.

1810ஆம் ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். கணித நூல்கள் பலவற்றை அதற்கு முன்பே தாமாகப் பயின்றிருந்த அவருக்குச் சில இடங்களில் ஐயம் இருந்தது. ஆசிரியர் ஒருவரிடம் அதனைக் கேட்டார். அவ்வினா தேர்வில் வாராது. ஆகவே, அதில் காலத்தைச் செலவிட வேண்டா என்பதே கிடைத்த மறுமொழி. வேறு ஆசிரியர்களை அணுகியும் தெளிவு பிறக்கவில்லை. தமக்குத் தெரியாது என்பதை மறைக்கவே அவர்கள் முயல்வதாக அந்த இளைஞருக்குத் தோன்றியது. ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீக்காக் முதலிய நண்பர்களுடன் சேர்ந்து, 1812இல் கணிதக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். ஐரோப்பிய நாடுகளில் வழங்கிய புதிய கணித முறைகளை இங்கிலாந்தில் பரப்புவது அதன் நோக்கமாக இருந்தது. 1814இல் ஜார்ஜியானா விட்மோரை மணந்து, இலண்டனில் குடியேறினார். இரண்டு ஆண்டுகளில் அரச அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எண்களில் ஒளிந்திருந்த இடர்

கால்குலேட்டர் இல்லாத அக்காலத்தில், பெருங்கணக்குகளைச் செய்வோர் அனைவரும் அச்சிட்ட அட்டவணைகளையே நம்பியிருந்தனர். பொறியாளரும் வானியலாளரும் காப்பீட்டுக் கணக்கரும் மடக்கை அட்டவணையைக் கையில் வைத்திருந்தனர். கரை தெரியாக் கடலில் தன் கப்பல் நிற்கும் இடத்தை அறிய, மாலுமி வானியல் அட்டவணைகளைப் புரட்டினான். இவ்வட்டவணைகளை உருவாக்கியவர்கள் தாளும் இறகுக்கோலும் கொண்டு நாள் முழுதும் கணக்கிட்ட மனிதர்கள்.

மனிதர் செய்யும் பணியில் பிழை நேர்வது இயல்பு. கணக்கிடும்போது ஒரு பிழை நேரும். படியெடுக்கும்போது மற்றொன்று நேரும். அச்சுக் கோக்கும்போது வேறொன்று புகும். பிழைதிருத்தப் பட்டியலிலேயே பிழை ஏற்பட்டு, அதற்கும் ஒரு திருத்தம் வெளியிட நேர்ந்ததுண்டு. சரியான எண்ணும் தவறான எண்ணும் ஒரே எழுத்தில், ஒரே மையில், ஒரே தோற்றத்தில் அச்சாகியிருந்தமையால், தான் காணும் எண் பிழையானது என்று அட்டவணையைப் புரட்டுவோன் அறிய வழியே இல்லை.

1821ஆம் ஆண்டு பாபேஜும் ஹெர்ஷலும் வானியல் அட்டவணைகள் சிலவற்றை ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தனர். இருவேறு கணக்கர்கள் தனித்தனியே செய்த கணக்குகள் அவை. பக்கந்தோறும் முரண்பாடுகள் தென்பட்டன. சலிப்புற்ற பாபேஜ், இக்கணக்குகளை நீராவியே செய்து முடிக்கலாகாதா என்று ஏங்கினார். அன்று எழுந்த எண்ணம் அடுத்த ஐம்பது ஆண்டுகள் அவரைவிட்டு நீங்கவில்லை.

தவறுவதினும் நிற்பது நன்று

பெருக்கலும் வகுத்தலும் இல்லாமல், கூட்டலைக் கொண்டே அட்டவணைகளை உருவாக்கும் முறை ஒன்று கணிதத்தில் உண்டு. அதுவே வேறுபாட்டு முறை. ஓர் எண்ணின் இருமடியோடு அவ்வெண்ணையும் 41ஐயும் கூட்டினால் கிடைக்கும் தொகைகளை எடுத்துக்கொள்ளலாம். 0, 1, 2, 3, 4 என்னும் எண்களுக்கு அவை முறையே 41, 43, 47, 53, 61 ஆகும். அடுத்தடுத்த தொகைகளின் வேறுபாடுகள் 2, 4, 6, 8. இவ்வேறுபாடுகளுக்கு இடையிலான வேறுபாடு எப்போதும் 2. எனவே, 8உடன் 2ஐக் கூட்டினால் 10. 61உடன் 10ஐக் கூட்டினால் அடுத்த தொகையாகிய 71 கிடைத்துவிடும். பற்சக்கரங்களால் கூட்ட முடியுமானால், அட்டவணை முழுவதையும் பொறியே உருவாக்கிவிடும்.

1822இல் பாபேஜ் சிறிய மாதிரிப் பொறி ஒன்றைச் செய்து, இதே கணக்கை அதில் செய்து காட்டினார். வானியல் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. பெரிய பொறியைச் செய்வதற்காக, 1823இல் பிரிட்டானிய அரசு 1,500 பவுண்டு அளித்தது. திறன்மிக்க கருவிக் கலைஞராகிய ஜோசப் கிளமெண்ட் பணியை ஏற்றார். வேறுபாட்டுப் பொறி என்று பெயரிடப்பட்ட அதற்கு ஏறத்தாழ 25,000 உறுப்புகள் தேவைப்பட்டன.

பற்சக்கரம் ஒன்று 3க்கும் 4க்கும் நடுவே நின்றுவிட்டால் என் செய்வது? பாபேஜின் கவலை அங்குதான் இருந்தது. அதற்காகச் சக்கரங்களின் பற்களுக்கிடையே ஆப்புகள் நுழையுமாறு அமைத்தார். சக்கரம் சிறிதளவே விலகியிருந்தால், ஆப்பு அதனை உரிய இடத்துக்குத் தள்ளிவிடும். பெரிதும் விலகியிருந்தால், ஆப்பு நுழைய இடமின்றிப் பொறி முழுவதும் இறுகி நின்றுவிடும். கைப்பிடியைச் சுழற்றுவோர் எவ்வளவு முயன்றாலும் அது அசையாது. தவறான விடையைத் தந்து ஏமாற்றுவதைவிடப் பொறி நின்றுவிடுவதே நன்று என்பது இவ்வமைப்பின் உட்பொருள். அச்சிட்ட அட்டவணைகள் மறைத்த பிழையை இப்பொறி மறைக்காது.

எனினும், இதில் ஒரு குறை எஞ்சியிருந்தது. பொறி நிற்கும், ஏன் நின்றது, எங்கே நின்றது என்பதைச் சொல்லாது.

இழப்புகளும் இடையூறுகளும்

1827ஆம் ஆண்டு பாபேஜின் வாழ்வில் இருள் சூழ்ந்தது. அவ்வோராண்டில் தந்தையையும், மகன் ஒருவனையும், அன்பு மனைவி ஜார்ஜியானாவையும், பிறந்த குழந்தையையும் இழந்தார். எட்டுக் குழந்தைகளைப் பெற்ற அவ்விணையருக்கு மூவரே பெரியவர்களாகி வாழ்ந்தனர். மனம் நொந்த பாபேஜ், நண்பர்களின் வற்புறுத்தலால் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். பயணத்தில் இருக்கும்போதே கேம்பிரிட்ஜில் நியூட்டன் முன்னர் வகித்த கணிதப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது.

1830இல் இங்கிலாந்தின் அறிவியல் நிலையைக் கண்டித்து நூல் ஒன்று எழுதினார். அதில் அறிவியலில் நிகழும் ஏமாற்றுகளை நான்காக வகுத்துக் காட்டினார். விளையாட்டாக ஏமாற்றுவது, பொய்யான முடிவை உருவாக்குவது, ஒத்துவராத அளவுகளைச் சீவிச் சரிக்கட்டுவது, பல அளவுகளுள் தனக்கு ஏற்றவற்றை மட்டும் பொறுக்கி எடுப்பது என்பனவே அவை. பொறி எவ்வாறு பிழையை மறைக்கலாகாதோ, அவ்வாறே ஆய்வாளரும் மறைக்கலாகாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1832இல் வேறுபாட்டுப் பொறியின் ஏழில் ஒரு பங்கு, ஏறத்தாழ 2,000 உறுப்புகளுடன் பொருத்தப்பட்டுப் பிழையின்றி இயங்கியது. ஆனால், பணம் கைக்கு வரும் முறை குறித்தும் பட்டறையை இடம் மாற்றுவது குறித்தும் கிளமெண்டுக்கும் பாபேஜுக்கும் பூசல் மூண்டது. 1833இல் கிளமெண்ட் பணியை நிறுத்தினார். அதன்பின் அப்பொறி வளரவே இல்லை.

மணியடித்து அழைக்கும் பொறி

1834இல் பாபேஜின் சிந்தனையில் இன்னும் பெரியதொரு பொறி உருவாயிற்று. அது ஒரே வகைக் கணக்கைச் செய்வதன்று. எக்கணக்கைக் கொடுத்தாலும் செய்யவல்லது. அதற்குப் பகுப்பாய்வுப் பொறி என்று பெயரிட்டார். எண்களைத் தாங்கும் சேமிப்பகம் ஒன்றும், அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் ஆலை ஒன்றும் அதில் அமைந்தன. என்ன செய்ய வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகள் கூறும். இவ்வுத்தியை அவர் ஜக்கார்டு தறியிலிருந்து பெற்றார். பூவேலைப்பாட்டுக்கு ஏற்பத் துளையிட்ட அட்டைகளால் எந்நூல் எழும்ப வேண்டும் என்பதை அத்தறி அறியும். காஞ்சிபுரத்து நெசவாளர் பட்டுச்சேலைக் கரையில் உருவங்களை நெய்யப் பயன்படுத்துவதும் அவ்வகைத் தறியே.

பகுப்பாய்வுப் பொறி சில கணக்குகளின் நடுவே அட்டவணை எண்களை நாடும். அந்நிலையில் பொறிக்கும் மனிதருக்கும் இடையே நிகழ வேண்டியவற்றைப் பாபேஜ் படிப்படியாக வகுத்தார்.

2303 என்னும் எண்ணின் மடக்கை தேவைப்படுகிறது என்று கொள்ளலாம். பொறி ஒரு மணியை அடித்துவிட்டுத் தானே நின்றுவிடும். உதவியாளர் வந்து பொறியின் குறிப்பிட்ட பகுதியைப் பார்த்தால், எந்த எண்ணின் மடக்கை வேண்டும் என்பது தெரியும். அவர் பேழையிலிருந்து உரிய அட்டையை எடுத்துப் பொறியில் இடவேண்டும். அட்டை சரியானதாயின், பொறி அதனை ஏற்றுத் தன் கணக்கைத் தொடரும். தவறானதாயின், முன்னினும் உரத்த மணியை அடித்து மீண்டும் நிற்கும். உதவியாளர் உற்று நோக்கினால், கொடுக்கப்பட்ட அட்டவணை எண் தவறானது என்னும் பொருள்தரும் சொற்கள் அங்கே தோன்றியிருக்கும். அவர் தம் பிழையை உணர்ந்து, உரிய அட்டையை இடுவார். சரியான அட்டை வரும்வரை மணியொலி ஓயாது.

இதைக் கேட்ட ஒருவருக்கு ஐயம் எழுந்தது. மடக்கை சரியா தவறா என்று பொறியே அறியுமானால், அதனை மனிதரிடம் கேட்பானேன் என்று அவர் வினவினார். பாபேஜின் விடை எளியது. ஒவ்வோர் அட்டையிலும் மடக்கையோடு அதற்குரிய எண்ணும் துளையிடப்பட்டிருக்கும். பொறி தான் கேட்ட எண்ணிலிருந்து அட்டையிலுள்ள எண்ணைக் கழித்துப் பார்க்கும். மீதி சுழியானால் அட்டை சரி, இல்லையேல் தவறு. மடக்கைகளையும் பொறியே கணக்கிட்டு அட்டைகளில் துளையிட்டுக்கொள்ளும் என்பதால், அவற்றில் பிழை புகுந்துவிடாது.

இச்சிறிய ஏற்பாட்டில் அடங்கியிருந்தவை பல. தவறான அட்டையை ஏற்றுக்கொண்டு பொறி பொய்யான விடையைத் தராது. வாளா நின்று உதவியாளரைக் குழப்பவும் செய்யாது. மணியால் அழைத்து, நின்றதன் காரணத்தைச் சொற்களால் கூறும். உதவியாளர் கணிதம் அறிந்தவராக இருக்க வேண்டுவதில்லை, எழுத்தறிந்திருந்தால் போதும். அதுவரை செய்த கணக்கு வீணாவதும் இல்லை. உரிய அட்டை வந்ததும் நின்ற இடத்திலிருந்தே பணி தொடரும். வேறுபாட்டுப் பொறியில் எஞ்சியிருந்த குறைக்குப் பகுப்பாய்வுப் பொறியின் இப்பகுதி விடையாக அமைந்தது.

1840இல் இத்தாலியின் தூரின் நகரில் இப்பொறியைப் பற்றிப் பாபேஜ் விளக்கினார். அதனைக் கேட்ட லூயிஜி மெனபிரியா என்னும் பொறியாளர் 1842இல் கட்டுரை ஒன்று வெளியிட்டார். கவிஞர் பைரனின் மகளாகிய அடா லவ்லேஸ் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தினும் நீண்ட குறிப்புகளைச் சேர்த்து, 1843இல் வெளியிட்டார். பெர்னோலி எண்கள் பற்றிய பகுதிக்கான கணிதத்தை அடாவின் சுமையைக் குறைக்கும் பொருட்டுப் பாபேஜே செய்து கொடுத்தார். அதில் பெரும்பிழை ஒன்றைக் கண்டுபிடித்த அடா, திருத்துமாறு திருப்பியனுப்பினார். பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதிய பாபேஜ், இந்நிகழ்வை மறையாமல் பதிவு செய்தார்.

இருப்புப்பாதையின் சாட்சி

1830களின் இறுதியில், இங்கிலாந்தில் புதிதாகப் பரவிவந்த இருப்புப்பாதைகளைப் பற்றிப் பாபேஜ் ஆராய்ந்தார். கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதையில் பெட்டி ஒன்றைத் தம் ஆய்வுக்கூடமாக்கினார். நீண்ட தாள் மெல்ல நகர, அதன்மேல் பல எழுதுகோல்கள் வண்டியின் அசைவுகளைக் கோடுகளாக வரைந்தன. பெட்டியின் குலுக்கமும், வண்டியை இழுக்கும் விசையும், ஓடும் வேகமும் தாளில் பதிந்தன.

இத்தகைய பதிவுக் கருவி தொடர்வண்டிகளில் இருப்பது பயணப் பாதுகாப்பைப் பெரிதும் வளர்க்கும் என்பது அவர் கருத்து. விபத்து நேர்ந்தபின் மனிதர் கூறும் சான்றுகள் அச்சத்தாலும் தன்னலத்தாலும் மாறக்கூடும். விபத்துக்கு முந்தைய கணங்களில் நடந்தவற்றைக் கருவி எழுதிய கோடுகள் மாறாமல் காட்டும். இன்று வானூர்திகளில் கருப்புப் பெட்டி என்று வழங்கும் பதிவுக் கருவி செய்யும் பணியும் அதுவே. மணியொலி அக்கணமே பிழையைத் திருத்துவதற்கு உதவும். தாளில் பதிந்த கோடோ பின்னர் ஆராய்ந்து காரணத்தை அறிவதற்கு உதவும். தடைப்பட்ட செயலின் காரணத்தை அறிவிக்கும் இவ்விரு வழிகளும் பாபேஜின் சிந்தனையில் இடம்பெற்றிருந்தன.

காரணம் அறியாக் காத்திருப்பு

பிழையின் காரணத்தைப் பொறி உடனே சொல்ல வேண்டும் என்று வகுத்தவர், தம் வாழ்வில் ஒரு விடைக்காக எட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1834இல் அவர் அரசை அணுகினார். பழைய வேறுபாட்டுப் பொறியை முடிப்பதா, அதனினும் சிறந்த புதிய பொறிக்கு வழிவிடுவதா என்று முடிவு செய்யுமாறு வேண்டினார். அரசு முடிவு கூறவில்லை. 1838இல் மீண்டும் எழுதினார். அப்போதும் தெளிவான விடை வரவில்லை. பணி தொடருமா நிற்குமா என்று அறியாமலே ஆண்டுகள் கழிந்தன.

1842இல் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரியிடம் அரசு கருத்துக் கேட்டது. இப்பொறியால் பயனில்லை என்று அவர் தெரிவித்தார். அவ்வாண்டு நவம்பரில் நிதியமைச்சர் ஹென்றி கோல்பர்னின் கடிதம் பாபேஜுக்கு வந்தது. பொறியை முடிக்க ஆகும் செலவு மிகுதி என்பதால், அரசு அம்முயற்சியைக் கைவிடுவதாக அதில் கண்டிருந்தது. அதுவரை அரசு செலவிட்டது ஏறத்தாழ 17,000 பவுண்டு. அத்தொகைக்கு அக்காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நீராவித் தொடர்வண்டி எஞ்சின்களை வாங்கியிருக்கலாம். சில நாள்களுக்குப் பின் பாபேஜ் தலைமையமைச்சர் ராபர்ட் பீலை நேரில் கண்டார். தமக்கு இழைக்கப்பட்டதாகக் கருதிய அநீதிகளை அடுக்கினார். சந்திப்பு மனக்கசப்பில் முடிந்தது.

குறை ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. முதற்பொறி ஏன் முடியவில்லை என்று அமைச்சர்கள் அறிய விரும்பிய வேளையில், பாபேஜ் இன்னும் பெரிய பொறியைப் பற்றிப் பேசினார். பொறியின் உதவியாளருக்கு எளிய சொற்களில் காரணம் கூற வழிகண்ட அவர், ஆட்சியாளருக்கு அவ்வாறு கூறத் தவறினார். தம் சினத்தையும் அவர் அடக்கிக்கொள்ளவில்லை.

இறுதி ஆண்டுகள்

அரசு கைவிட்ட பின்னரும் பாபேஜ் தம் வரைபடங்களைக் கைவிடவில்லை. 1847 முதல் 1849 வரை, இரண்டாம் வேறுபாட்டுப் பொறியை வடிவமைத்தார். பகுப்பாய்வுப் பொறியில் கற்ற உத்திகளால், 25,000 உறுப்புகள் வேண்டிய இடத்தில் 8,000 உறுப்புகளே போதுமானவை ஆயின. 1852இல் அவ்வரைபடங்களை அரசுக்கு வழங்க முன்வந்தார், அரசு ஏற்கவில்லை. 1864இல் தம் வாழ்க்கைக் குறிப்புகளை வெளியிட்டார். மணியடிக்கும் பொறியைப் பற்றிய விளக்கம் அந்நூலில் இடம்பெற்றுள்ளது. 1871ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18ஆம் நாள் இலண்டனில் காலமானார். அவர் கனவு கண்ட பொறிகளுள் ஒன்றேனும் முழுமையாக அவர் கண்முன் இயங்கவில்லை. மகன் ஹென்றி பாபேஜ், பகுப்பாய்வுப் பொறியின் ஆலைப் பகுதியில் ஒரு கூற்றை மட்டும் 1910இல் செய்து முடித்தார்.

மீண்டும் எழுந்த பொறி

இரண்டாம் வேறுபாட்டுப் பொறியின் வரைபடங்கள் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தன. அப்பொறி உண்மையில் இயங்குமா என்று அறிய, 1985இல் முயற்சி தொடங்கியது. காட்சியகக் காப்பாளர் டோரன் சுவேட் தலைமையில், வரைபடங்களில் உள்ளவாறே வெண்கலமும் இரும்பும் எஃகும் கொண்டு பொறி உருப்பெற்றது. கணக்கிடும் பகுதிக்கு மட்டும் 4,000 உறுப்புகள். எடை இரண்டரை டன்னுக்கும் மேல்.

பொருத்தும் காலத்தில் அது அடிக்கடி இறுகி நின்றது. பாபேஜ் விரும்பியவாறே, தவறான விடையைத் தராமல் நின்றது. ஆனால், ஆயிரக்கணக்கான உறுப்புகளுள் எது இடறியது என்று பொறி சொல்லவில்லை. பொறியாளர்கள் ஒவ்வொரு பகுதியாகத் தேடித் துழாவிக் காரணம் காண வேண்டியிருந்தது. 1991ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், பாபேஜின் இருநூறாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதத்துக்கும் குறைவான நாள்களே இருந்தபோது, அப்பொறி பெருங்கணக்கு ஒன்றைப் பிழையின்றிச் செய்து முடித்தது. அச்சிடும் பகுதி 2002இல் நிறைவுற்றது. பாபேஜின் கணிதமும் வடிவமைப்பும் சரியே என்று உலகம் அறிந்தது.

திரையில் ஒலிக்கும் மணி

பாபேஜின் பொறியில் உதவியாளர் அட்டையை இடும் இடமும், சொற்கள் தோன்றும் இடமும் மனிதரும் பொறியும் சந்திக்கும் இடங்கள். இன்றைய மென்பொருளில் அச்சந்திப்பு இடைமுகம் எனப்படுகிறது. தோற்றம் மாறினாலும், அன்றைய கேள்வி இன்றும் இருக்கிறது.

உயர்கல்விக்கு இணையவழி விண்ணப்பிக்கும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். விண்ணப்பத்தின் இறுதிநாள் அது. பக்கம் பக்கமாக விவரங்களை நிரப்பி, ஒளிப்படத்தையும் இணைத்து, அனுப்பும் பொத்தானை அழுத்துகிறாள். செயல் தோல்வியுற்றது என்று மட்டும் திரை கூறினால், அவள் எதனைத் திருத்துவாள்? பெயரையா, மதிப்பெண்ணையா, ஒளிப்படத்தையா? நிரப்பிய விவரங்களும் மறைந்துவிட்டால், அவள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஒளிப்படக் கோப்பின் அளவு வரம்பை மீறியுள்ளது, இவ்வளவுக்குள் சுருக்கி மீண்டும் இணைக்கவும் என்று திரை கூறினால், சில நிமிடங்களில் பணி முடியும். அவளது ஓராண்டு காக்கப்படும். பிழைச்செய்தி என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது, இனி என்ன செய்யலாம் என்னும் மூன்றையும் பயனர் அறிந்த மொழியில் கூற வேண்டும் என்பது இன்றைய வடிவமைப்பாளர்கள் போற்றும் நெறி. வெறும் குறியீட்டு எண் பயனருக்கு உதவாது.

எல்லாக் காரணங்களையும் எல்லாரிடமும் சொல்லிவிடுவதும் தகாது. கடவுச்சொல் தவறும்போது, பிழை பயனர் பெயரிலா கடவுச்சொல்லிலா என்று பல தளங்கள் பிரித்துக் கூறுவதில்லை. கூறினால், பிறர் கணக்கில் நுழைய முயல்வோருக்கு அது துணையாகிவிடும். அத்தகைய காரணங்கள் மென்பொருளின் பதிவேட்டில் எழுதப்படும். பொறுப்பாளர் அதனை ஆராய்வார். தொடர்வண்டிப் பெட்டியில் பாபேஜின் எழுதுகோல்கள் ஆற்றிய பணியை இப்பதிவேடு ஆற்றுகிறது.

பகுப்பாய்வுப் பொறியின் உரத்த மணி பாபேஜின் காலத்தில் ஒருமுறையேனும் ஒலித்ததில்லை. தாளில் வரைந்த திட்டமாகவே அது நின்றுவிட்டது. ஆயினும், பொறியின் முன் நிற்பவர் தவறு செய்யக்கூடிய மனிதர் என்பதையும், காரணம் தெரிந்தால் அத்தவறைத் தாமே திருத்திக்கொள்ள வல்லவர் என்பதையும் அத்திட்டம் உணர்ந்திருந்தது. மென்பொருள் எழுதப்போகும் தலைமுறையினர் கணினியின் தந்தையிடமிருந்து பெறும் செல்வங்களுள் அவ்வுணர்வும் ஒன்று.